வெளியே போக q-வை அழுத்தவும்

ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நான் எப்போதும் தப்பான வாசலில்தான் மேலே வருவேன். ஆனாலும் எப்படியோ வெளியே வந்துவிடுவேன். என்னை வெளியே வரவிடாமல் பிடித்து வைத்த ஒரே இடம், ஒரு கம்ப்யூட்டரின் உதவிப் பக்கம்.

கப்பல் கம்பெனி வேலை போனபிறகு, நாற்பது தாண்டிய வயதில் யூனிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். (மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் அடித்தே வேலை வாங்க வேண்டுமாம். பணம் கட்டியபிறகுதான் தெரிந்தது.) கடைசி நாள் தேர்வில் தேறினால் எங்கள் ஆசிரியை பிரியாவின் அலுவலகத்திலேயே வேலை. அந்த வேலைமேல் எனக்கு அவ்வளவு ஆசை.

ஆகவே தேர்வன்று முதல் ஆளாகப் போய், குளிர்காற்று வீசும் ஏர்கானுக்கு நேர் கீழே இருந்த கம்ப்யூட்டர்மேல் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டு (உணவங்காடியில் மேசை பிடிக்கும் பழக்கம்) டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பிரியா தயங்கி நிற்கிறாள். “இங்கயா அக்கா உட்காரப் போறீங்க? சரி, டிஷ்யூ வெச்சுட்டீங்க, உட்காருங்க” என்றாள். டிஷ்யூ வைத்த இடத்தை இந்த ஊரில் யார் தட்டிக் கேட்பார்கள்? அந்த பாக்கெட்டுக்கு அடியில் ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று அவள் ஒட்டிய சீட்டு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

முதல் கேள்விக்கே கட்டளை மறந்துபோனது. man என்று அடித்தால் உதவி வரும் என்று சொல்லியிருந்தாள். அடித்தேன், வந்தது. போய்க்கொண்டே இருந்தது. புரியவில்லை, சரி, வெளியே போகலாம் என்று பார்த்தால் வழியில்லை. ‘எக்ஸிட்’ அடித்தேன், ‘பை’ அடித்தேன், ‘ப்ளீஸ்’ கூட அடித்தேன். கடைசியில், வீட்டில் மோடத்துக்குச் செய்யும் வைத்தியத்தைச் செய்தேன். பவர் பட்டனை அமுக்கிவிட்டேன்.

அறை முழுக்க “ஐயோ!” எல்லோருடைய விடைகளும் அந்த சர்வரில்தான் இருந்தனவாம், எல்லாம் போச்சு.

“அக்கா, என்ன பண்ணீங்க?” பிரியா ஓடி வந்தாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “உள்ள போகச் சொல்லிக் குடுத்தீங்க, வெளிய வரச் சொல்லிக் குடுக்கலையே லா! உதவி கேட்டா புராணம் படிக்குது, ஒரு உதாரணம் இல்ல. புதுசா வர்றவங்க என்ன பண்ணுவாங்க?”

பின்வரிசையில், ஈசூன் பகுதியிலிருந்து வரும் ஒருவர் கை தூக்கினார். “மிஸ், நானும் அதுலதான் மாட்டிக்கிட்டு இருந்தேன்.” இன்னும் சில கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “q அமுக்கினா போதும்கா.”

ஒரே ஒரு எழுத்து! அதற்காகவா ஒரு சர்வரைக் கொன்றேன்?

மறுதேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினேன். வேலையில் சேர்ந்த அன்று என் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. பிரியா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். “புதுசா வர்றவங்களுக்கு நீங்களே உதவிப் பக்கம் எழுதுங்கக்கா” என்றாள். எழுதினேன். முதல் வரி ‘வெளியே போக q’, அடுத்து உதாரணம், விளக்கமெல்லாம் அப்புறம். இப்போது புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் மட்டும் மரியாதை இல்லை. விருந்தாளிகள் வாசலில் நின்று விடைபெறாமல் பேசிக்கொண்டே இருந்தால் மகள் என் காதில் “q” என்பாள். போன வாரம் வந்தவர்களிடம் இந்தக் கதையை ஆரம்பித்தேன். கதையில் டிஷ்யூ பாக்கெட் வருவதற்குள் மகளும் கணவரும் ஒரே குரலில் “q!” என்றார்கள்.

நான் வெளியேறவில்லை. முழுக்கச் சொல்லி முடித்தேன்.