கீறல் விழுந்த முருகனும் எங்கள் மாடி வீடும்

பல்லியைக் கண்டால் எனக்குப் பயம். இடி இடித்தால் பயம். ஊசி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயங்கள். மொத்த வியாபாரமாக நான் பயந்தது என் நாற்பத்து மூன்றாவது வயதில், இருந்த வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான்.

இருபது வருஷம் மதுரை டெலிபோன் ஆபீஸில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்தேன். மாசி வீதி ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் தினமும் பம்பாய்க்குப் போன் போட்டு, எந்த ஷேரை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கேட்பார். ஒட்டுக் கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்க வேண்டாமா? (கொஞ்ச நேரம் என்பது அவர்கள் போனை வைக்கும் வரை.) அந்த முதலாளி கண்ணெதிரே, அதாவது என் காதெதிரே, பணக்காரர் ஆகிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

இருபது வருஷ சர்வீஸ் முடிந்தால் பென்ஷனோடு விலகலாம் என்று இருந்தது. நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்துக் காதில் இரைச்சல் வேறு. எழுதிக் கொடுத்துவிட்டேன். மொத்தமாகக் கொஞ்சம் பணம் வந்தது. என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். தபால் ஆபீஸைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர். பணம் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"சரோஜா, அம்புட்டையும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுரு. வர்ற தையில கே.கே. நகர்ல வாங்கிப் போட்ட பிளாட்டுல வீட்டுக்கு வாணம் தோண்டிருவோம். மொதல்ல கீழ ஒரு வீடு, பெறகு காசு சேந்தா மாடியில ஒரு வீடு. மாடிய வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்."

"சரிங்க" என்று தலையாட்டினேன். மறுநாள் நேராக ஷேர் ஏஜென்ட் வீட்டுக்குப் போய் அம்புட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் ஷேர் என்றால் காகிதம். பூ வேலைப்பாடெல்லாம் போட்டு, கல்யாணப் பத்திரிகையைவிட அழகாக வரும். வில்லாபுரத்தில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் அதை எங்கே ஒளிப்பது? பீரோ சாவி அவரிடம். அரிசி டின்னில் பூச்சி. யோசித்து யோசித்து சாமி படங்களின் பின்பக்க அட்டைக்குள் வைத்தேன். முருகனுக்கு லாரி கம்பெனி, மீனாட்சிக்கு சிமெண்ட், பிள்ளையாருக்கு உரம், லட்சுமிக்குத் தேயிலை. பணத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்று பம்பாய்க்காரர் போனில் சொல்லியிருந்தார், நானும் பிரித்துப் போட்டேன்.

ஆறே மாதத்தில் லட்சுமி நஷ்டத்தில் போனாள். (மகாலட்சுமியே நஷ்டம் காட்டினால் எங்கே போய் முறையிடுவது?) அடுத்து பிள்ளையார் படுத்தார். மீனாட்சி அசையவே இல்லை. முருகன் மட்டும் ஏறிக்கொண்டே போனார். நான் பயந்துபோய் மற்ற மூவரிடமும் இருந்ததை விற்று மொத்தத்தையும் முருகனிடமே ஒப்படைத்தேன். தினமும் பதினோரு மணிக்கு நூலகம் போய், மேலே ஒரு வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, அடியில் ஆங்கிலப் பேப்பரில் லாரி கம்பெனி விலையைப் பார்ப்பேன். நாலணா இறங்கினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் "பாஸ்புக்க எங்க வச்சிருக்க, பாப்போம்" என்பார். "பத்திரமா வச்சிருக்கேங்க" என்று ரசத்தை ஊற்றுவேன், பாதி தட்டில், பாதி அவர் மடியில்.

அடிக்கடி அட்டையைக் கழற்றி மாட்டியதில் ஒருநாள் முருகன் கைதவறிக் கீழே விழுந்தார். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே ஒரு கீறல். உடைந்த சாமி படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள். அது வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். சந்தனத்தைக் குழைத்துக் கீறல் மேல் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். கீறல் தினமும் கொஞ்சம் நீண்டது, பொட்டும் தினமும் கொஞ்சம் பெருத்தது. "என்ன, முருகனுக்குப் பொட்டு பெருசாயிக்கிட்டே போகுது?" என்று கேட்டார். "கார்த்திகை மாசம்ல" என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, விட்டுவிட்டார்.

மார்கழி பிறந்தது. ஒரு சனிக்கிழமை, அவருக்கு லீவு. நூலகத்தில் விலையைப் பார்த்தேன். அடேயப்பா! போட்டது இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. தபால் ஆபீஸுக்கு ஓடி ஏஜென்டுக்குப் போன் போட்டு, சாயங்காலம் நாலரைக்கு வரச் சொன்னேன். நாலு மணிக்கு வீட்டுக்காரர் யூனியன் கூட்டத்துக்குப் போய்விடுவார். விற்று, பணத்தை போஸ்ட் ஆபீஸில் போட்டு, பாஸ்புக்கை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டிவிடலாம். ஒரு வருஷமாகக் குறுகியிருந்த முதுகு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

சுவரில் ஆணி இருந்தது. முருகன் இல்லை.

"என்னங்க... முருகன் எங்க?"

"ஒட்டடை அடிக்கலாம்னு எடுத்தேன். கண்ணாடி நெடுகக் கீறிக் கெடக்கு, நீ பாட்டுக்குச் சந்தனத்த அப்பி வச்சிருக்க. தை பொறக்கப் போற நேரத்துல இத வீட்டுல வைக்கலாமா? கண்மாய்க்கரை அரசமரத்தடியில வச்சுக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

"பால் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். (பால் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. பாத்திரமும் எடுக்கவில்லை.)

அரசமரத்தடிப் பிள்ளையாரைச் சுற்றி, ஊரில் உடைந்த சாமி படம் அத்தனையும் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் முருகனே பத்துப் பதினைந்து பேர். பாதிப் பேருக்கு எங்கள் முருகனின் அதே சிரிப்பு. எனக்கு நிதானம் இல்லை. கொண்டையூசியை உருவி ஒவ்வொரு படத்தின் பின்பக்க அட்டையையும் நெம்ப ஆரம்பித்தேன். நாலாவது படத்தில் ஒரு பூரான் வந்தது. ஐந்தாவதில் ஒரு குரல் வந்தது.

"ஏத்தா, யாருத்தா நீ? சாமி படத்தப் பிச்சுப் போட்டு என்ன செய்யுற?"

பக்கத்தில் பூக்கட்டி விற்கும் அக்கா. "ஒரு வேண்டுதல்க்கா" என்று உளறினேன்.

"வேண்டுதலுக்கு யாராச்சும் சாமிய முதுகுப் பக்கமாப் பாப்பாகளா?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக் கிளாஸோடு வந்த ஒருவர், "உச்சி வெயிலுல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. செய்வினைத் தகடு வைக்க வந்திருக்கும்ணே" என்றார். (ஊசியை உருவினால் கொண்டை அவிழாதா?) "கையில ஊசி வேற இருக்கு பாருங்க!" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் பின்வாங்கினார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். இருபது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த நான் சூனியக்காரி ஆகி நின்றேன். கண்ணீர் தானாகக் கொட்டியது.

"ஐயோ, என் வீடு அந்த முருகனுக்குள்ள இருக்குண்ணே!" என்று கத்திவிட்டேன்.

டீக் கிளாஸ்காரர் உச்சுக்கொட்டினார். சூனியக்காரி இல்லை, பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. பூக்கார அக்கா மட்டும் கிட்டே வந்தது.

"எந்த முருகன்த்தா? நெத்தியில எலுமிச்சம்பழம் தண்டிப் பொட்டு வச்ச முருகனா?"

"அதேதான்க்கா!"

"அது ஒரு கீறல்தான, மத்தபடி நல்லா இருந்துச்சு. நம்ம ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடி மாத்தி வீட்டுல வச்சுக்குறேன்னு பாய் கடைக்குக் கொண்டு போயிட்டாப்ல."

பஜாரில் படத்துக்குக் கண்ணாடி போடும் பாய் கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. பாய்க்கு எங்களை நன்றாகத் தெரியும், என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கம்மா. அட்டையக் கழட்டுனதும் பேப்பரா விழுந்துச்சு. கம்பெனிக் கவர்ல உங்க பேரும் விலாசமும் இருந்துச்சு. அடுத்தவங்க பொருளு, அமானிதம்ல, கையில வச்சிருக்கக் கூடாது. நானே சைக்கிள்ல போயி அண்ணன் கையிலயே குடுத்துட்டு இப்பத்தான் வாரேன்."

அவருடைய நல்ல மனசு என் தலையில் இடியாக இறங்கியது.

கடையிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிஷ நடை. அன்று முக்கால் மணி நேரம் நடந்தேன். வீட்டில் என் வீட்டுக்காரர் காகிதங்களை எல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பி, நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போஸ்ட் ஆபீஸ்ல போட்டேன்னியே?"

"போஸ்ட் ஆபீஸ் வழியாத்தாங்க வந்துச்சு" என்றேன். பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான்.

முறைத்தார். என்னை அடிக்கிற மனுஷன் இல்லை, ஆனால் அன்று அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. காகிதங்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னைக்கு என்ன வெல?" என்றார். சொன்னேன். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மறுபடியும் போட்டார். நெற்றி வேர்த்தது.

"அம்புட்டா?"

"ஆமாங்க. மாடியும் எடுத்துரலாம். நாலரைக்கு ஏஜென்ட் வாராரு, வித்துருவோம்."

தபால் ஆபீஸைத் தவிர எதையும் நம்பாத மனுஷன் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். யூனியன் கூட்டத்துக்குப் போகவில்லை. ஏஜென்ட் வந்ததும் காபி கொடுத்து உபசரித்தார்.

"ஏறுற பொருள யாராச்சும் விப்பாகளாண்ணே? இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போதே விற்றுவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் அன்றைய தேதியில் அந்த வீட்டில் எனக்கு வாயே கிடையாது.

அடுத்த புதன்கிழமை விலை சரிய ஆரம்பித்தது. அதன் பிறகு நூலகத்தில் நாங்கள் இரண்டு பேராக உட்கார்ந்து பயந்தோம். "ஏறும், ஏறும்" என்று அவர் சொல்லச் சொல்ல அது இறங்கியது. தை போய் மாசி போய் பங்குனியில், போட்ட பணத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைத்ததே போதும் என்று விற்றோம். கீழ்வீட்டுக்கு மட்டும் சரியாக இருந்தது. ஆனால் நல்ல விலை இருந்த வாரத்திலேயே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பிளான் போடச் சொல்லியிருந்தார் இவர், அதில் மாடிப்படி இருந்தது. எப்படியும் அடுத்த வருஷம் மாடி எடுத்துவிடலாம் என்று படியைக் கட்டியும் விட்டார்.

அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறிப் போனால் மொட்டை மாடியும் வத்தல் காயப்போடும் கயிற்றுக் கட்டிலும்தான் இருக்கின்றன. பாஸ்புக் விஷயமாக அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்க வாயைத் திறந்தால் நான் படியைப் பார்ப்பேன். பேரப் பிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதை மனப்பாடம். புதிதாக வருகிறவர்கள் யாராவது, "படி இருக்கு, மாடி எங்க சார்?" என்று கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

"அரசமரத்தடியில வச்சுட்டு வந்துட்டேன் தம்பி."