லிங்கராஜபுரத்து அயர்லாந்து

போன் வந்தபோது கேரேஜில் இருந்தவர்கள்: ஓனர் பாஸ்கர் அண்ணன். எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் மஞ்சண்ணா. பஞ்சர் ஒட்டும் நான். ஸ்கூட்டருக்குக் காத்திருந்த ஒரு டீச்சரம்மா. நடுவில், ஸ்டூலில், அயர்லாந்து.

அயர்லாந்து என்பது ஆள். எங்கள் இன்ஜின் மெக்கானிக். சொந்தப் பெயரை ஏரியாவே மறந்துவிட்டது. அந்த நாட்டில் பிறந்தவனுக்குத் தெரியாததெல்லாம் இவருக்குத் தெரியும்.

மனைவி ஸ்டெல்லா நர்ஸ். மகளையும் கூட்டிக்கொண்டு டப்ளின் போய் இரண்டு வருடம். இவருக்கு மட்டும் விசா மறுத்துவிட்டார்கள். நாடு தெரியாததுதான் குறை என்று அவரே முடிவு கட்டினார். மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டார். படிக்க ஆரம்பித்தார்.

கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டே கேட்பார்.

“மஞ்சண்ணா, அயர்லாந்து காட்டுல பாம்பு எத்தனை?”

“எனக்கு இன்னா குரு தெரியும்?”

“ஒண்ணுகூட கெடையாது.”

“இங்க மட்டும் தினம் வந்து கடிக்குதா? பிளக்கைப் பாருப்பா.”

அங்கே பஸ்ஸில் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வார்களாம். சிவாஜிநகர் பஸ்ஸில் பழகிப் பார்த்தார்.

“தேங்க்யூ டிரைவர் சார்.”

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. டிக்கெட்டைப் பார்க்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். “ஏ கண்டக்டர், இவர் டிக்கெட் நோடு!” சும்மா நன்றி சொல்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. கண்டக்டர் டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அயர்லாந்து அவருக்கும் ஒரு தேங்க்யூ சொன்னார்.

அங்கே எல்லாவற்றுக்கும் வரிசையாம். டீக்கடையில் தள்ளி நின்று ஒரு வரிசை ஆரம்பித்தார். பின்னால் ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் முன்னால் போனார்கள். டீ தீர்ந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் கேரேஜில் அந்த விசா ஆபீஸ் போன். அயர்லாந்துக்குக் கை முழுக்க ஆயில். பாஸ்கர் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு மேடம் இங்கிலீஷில் கேட்க, இன்னொரு பெண் தமிழில் சொன்னாள்.

“உங்க மனைவியைப் பத்திச் சொல்லுங்க.”

“நீளமான ஆறு ஷானன் மேடம்.”

“அதைக் கேக்கலைங்க. மனைவி.”

அயர்லாந்து நாட்டைத்தான் படித்திருந்தார். மனைவியைப் படிக்கவில்லை. மஞ்சண்ணா ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“கடைசியா எப்பப் பேசினீங்க?”

“காலைல. சண்டை மேடம்.”

பாஸ்கர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்ன சண்டை?”

“குப்பை மேடம். இங்க ஈரக் குப்பை பச்சைத் தொட்டி. அங்க பச்சைல காஞ்சதுதான் போடணும். இவ நம்ம ஊரு நெனப்புல கொழம்பைக் கொட்டிட்டா. நான் இங்கருந்து சொல்றேன், அங்க இருக்கறவ கேக்கமாட்டேன்றா. ‘டப்ளின்ல நீயா இருக்கே, நானா இருக்கேன்’னு போனை வெச்சிட்டா. நீங்களாவது சொல்லுங்க மேடம்.”

அந்தப் பெண் இதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். பிறகு மேடமும் சிரித்தார்.

“இது புருஷன் பொஞ்சாதிதான்,” என்றார் டீச்சரம்மா.

விசா வந்தது. போன மாதம் பிளேன் ஏறிப் போனார். இன்ஜின் வேலைக்குப் புது ஆள் வந்திருக்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. வேலை சீக்கிரம் முடிகிறது.

என் போனில் வெயில் மழை காட்டும் இடத்தில் டப்ளினையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஷட்டரைத் தூக்கியதும் பார்ப்பேன். ஸ்வெட்டரை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், மனுஷன்.

இன்று நான்கு டிகிரி.