ஒல்லியானவர்கள் பட்டியல்

"அறுபது தாண்டின குண்டானவங்க பட்டியல் முதல் நாளே நிரம்பிடுச்சு, ஐயா" என்றாள் நர்ஸ் ஃபெலீசி.

மானாசேக்கு வயது அறுபத்திரண்டு, எடை நூற்றிரண்டு கிலோ. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த அண்ணனைப் போன மாதம்தான் புதைத்திருந்தார். அதே சர்க்கரை அவர் ரத்தத்திலும் இருந்தது. வயதும் எடையும் ஏற ஏற உடம்புக் கொழுப்பு இன்சுலின் பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்க, ஆக்லாந்திலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். கூடவே புது மருந்தும் வந்திருப்பதாக டோங்கா தீவுகள் முழுக்கப் பேச்சு.

"வேற வழியே இல்லையாம்மா?"

"ஒல்லியானவங்க பட்டியல் காலியாத்தான் கிடக்கு. அறுபது வயசுல ஒல்லியா ஒருத்தரை இந்தத் தீவுல எங்க போய்ப் பிடிக்கறது? எண்பது கிலோவுக்குள்ள வாங்க. நாலு மாசம் இருக்கு."

அன்றே பட்டினியைத் தொடங்கினார் மானாசே. ஞாயிறு விருந்தில் பன்றிக்கறியைத் தொடாமல் எழுந்தார். ஆள் பிழைக்கமாட்டார் என்று மறுநாளே ஊர் முடிவு கட்டியது. கிழங்கும் கோழியும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் வீட்டில் குவிந்தன. மைத்துனர் ஒருவர் சாவு வீட்டுக்குக் கட்டிப்போகும் துக்கப் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டே வந்துவிட்டார்.

"நான் ஒண்ணும் சாகலைய்யா! பாவத்துக்காக விரதம் இருக்கேன்!"

அதுதான் வினையாகிப்போனது. மனைவி லூசியானே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன பாவம்?"

"சும்மா... பொதுவா."

"முப்பத்தஞ்சு வருஷமா ஒரு வேளை விடாம சாப்பிட்ட மனுஷன், பொதுவா பட்டினி கிடக்கறீங்களா? யாரு அவ?"

"ஐயோ, ஆஸ்பத்திரியில ஒல்லியா இருந்தாத்தான் சேர்த்துக்குவேன்னு ஃபெலீசி சொன்னாம்மா!"

"ஓ, பேரு ஃபெலீசியா?"

மறுநாள் காலைப் படகிலேயே லூசியானே தன் அக்கா இருக்கும் தீவுக்குப் போய்விட்டாள். மூன்று முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், கதவே திறக்கவில்லை. அதன்பிறகு பட்டினி கிடக்க அவர் சிரமப்படவே இல்லை. தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

நாலாம் மாதம் தராசு எழுபத்தொன்பது காட்டியது. வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் கொழுப்பைக் கிள்ளினார்கள். இன்சுலின் ஏற்றி மறுபடி கிள்ளினார்கள். இரண்டாம் முறை, கிடைக்காமல் தேடினார்கள். பிறகு பஞ்சை ஒட்டி, "ரொம்ப நன்றி ஐயா, போயிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

மானாசே எழுந்திருக்கவில்லை. "மருந்து?"

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆயாதான் பதில் சொன்னாள்:

"அது குண்டானவங்களுக்குத்தான், பெரியவரே. ஒல்லியா இருக்கறவங்க சும்மா ஒப்பிட்டுப் பார்க்க."