கடல் ஆகாது என்றோர் அறிக்கை

மனைவி காலையில் கடலில் குளிக்கப் போவதை உடனே நிறுத்த வேண்டும் என்ற தீர்மானம் புதன்கிழமை ஏழு மணிக்கு ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர் ஒருவர். கொண்டுவந்தவர், வழிமொழிந்தவர், கை தூக்கியவர் எல்லாம் அவரே.

தெருவில் அவருக்குச் செயலாளர் என்று பெயர். ஆலைச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் செயலாளராக இருந்தவர். அவர் போராடி வாங்கிக் கொடுத்த ஓய்வறையில் காலை நீட்டிப் படுக்கிறவர்கள், இப்போது அவர் எதிரே வந்தால் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். வீட்டிலோ காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அவரும் சுவர்க் கடிகாரமும்தான். கடிகாரமாவது அரைமணிக்கு ஒரு தரம் வாயைத் திறக்கும்.

மனைவி எதிர்வீட்டு நர்ஸம்மாவோடு நீந்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவாள். செவ்வாய்க்கிழமை அவள் வற்புறுத்தி இவரும் போய், பேன்ட்டோடு ஒரு முழுக்குப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாத கூட்டத்துக்கு அவர் போவதில்லை. "போகாதே, தனியா இருக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது கோரிக்கை அல்ல, கெஞ்சல்.

தோல் மருத்துவமனையின் துண்டுப் பிரசுரம் ஒன்று மேசையில் கிடந்தது. உப்புத் தண்ணீர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். பாதி படித்ததுமே எழுந்தார். பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து இடது கையில் தேய்த்தார். பிறகு அறிக்கை எழுதினார். ஒன்று, கடல் தண்ணீர் என் உடம்புக்கு ஆகாது. இரண்டு, என்னைக் கவனிக்க மனைவி தினமும் காலையில் வீட்டில் இருக்க வேண்டும். கீழே கையெழுத்து, தேதி.

ஒன்பது மணிக்கு இருவரும் வந்தார்கள்.

"என்னங்க இது கையில?"

"கடல் செஞ்ச வேலை. எல்லாம் அறிக்கையில இருக்கு, படி."

நர்ஸம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "எப்பலேர்ந்து அண்ணே?"

"இன்னிக்கு ஏழு மணியிலேர்ந்து."

"நேத்து முழுகினதுக்கா? பொதுவா தண்ணி பட்ட கொஞ்ச நேரத்துலயே தடிச்சிடும். சட்டையக் கழட்டுங்க." சுற்றி வந்து பார்த்தாள். "முதுகு சுத்தமா இருக்கு. வலது கையும் அப்படியே. கடலுக்கு இடது கை மேல மட்டும் என்ன கோவம்?"

"இவர் எப்பவும் இடது பக்கம்னு கடலுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள் மனைவி.

"நிஜமாவே ஒத்துக்காதவங்க டாக்டரப் பாக்கற வரைக்கும் கடல்ல இறங்கக் கூடாது அண்ணே. லேசா அரிக்கறவங்க முன்னாடியே வாசலின் தடவிக்கணும். ஏறினதும் நல்ல தண்ணில அலசி, ஈரத்துணிய மாத்திடணும். உதடு வீங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ நேரா ஆஸ்பத்திரி. உங்க கையில இருக்கறது பாத்திர நார் கீறினது, நாரை மாத்தினா போதும்."

மனைவி அறிக்கையை இரண்டு தரம் படித்தாள். பையிலிருந்து ஒரு நீல நீச்சல் டவுசரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கரையோரக் கடையில இப்பதான் வாங்கினேன். பேன்ட்டோட தடுமாறினீங்களே, அதான் இன்னிக்குக் கூப்பிடல. நாளையிலேர்ந்து தினமும் சேர்ந்தே போலாம்னு நெனச்சேன்."

செயலாளர் டவுசரைப் பார்த்தார்.

"அறிக்கைய வாபஸ் வாங்கிக்கோங்க. நாரால தேச்சேன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்," என்றாள் மனைவி.

"கையெழுத்துப் போட்டத நான் வாபஸ் வாங்கினதில்ல. முதலாளிகிட்டயே வாங்கினதில்ல."

"நான் முதலாளியா?"

அவள் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். நர்ஸம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.

"சரி, உடம்புதான் முக்கியம். முதல் கோரிக்கைய ஏத்துக்கறேன், நீங்க கடல் பக்கமே வர வேண்டாம். ரெண்டாவதுக்கு அவசியமில்ல. வீட்டுல சும்மா உக்காந்திருக்க ஆள் துணை எதுக்கு?" டவுசரை மடித்து நர்ஸம்மாவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் ஜன்னலில் நின்றார். மனைவி போனாள், நர்ஸம்மா போனாள், பின்னால் நர்ஸம்மாவின் கணவர் போனார். நீல டவுசர் அந்த மனிதருக்குக் கச்சிதமாக இருந்தது.