கண்ணுச்சாமி வடம் பிடித்த கதை

தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், அடுத்தவர் நகர்த்தும் துரும்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஓரத்தார். வேலை நடக்கும் இடத்தில் அவர்கள் இல்லாமல் இருக்கவே மாட்டார்கள். ஆனால் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார்கள்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் பீரோவை மாடிக்கு ஏற்றும்போது ஐந்தாவதாக ஒருவர் நின்று, "சாய்ச்சுப் பிடி, சாய்ச்சுப் பிடி, ஏய் சுவரு சுவரு!" என்று மூச்சு வாங்குவார். பீரோ மேலே போய்ச் சேர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தண்ணீர் கேட்பவரும் அவரே. கேரம் ஆடுகிறவனுக்குப் பின்னால் நின்று காய் காட்டுவார். அடுத்த வீட்டம்மா ஊசியில் நூல் கோப்பதைக் கண்டால் தெருவிலிருந்தே, "நூல எச்சி பண்ணும்மா" என்பார். கையில் மட்டும் எதுவும் இருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு கர்ச்சீப் இருக்கும். அதுவும் ஆட்டுவதற்கு.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருக்கும் கண்ணுச்சாமி, இந்த இனத்தில் எடுத்துக்காட்டாக வைக்கத் தகுந்தவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோடவுனுக்கு ரிவர்ஸில் வந்த லாரி ஒவ்வொன்றும் தன் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்து நின்றது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... அப்படியே வா... ஹோல்டான்!" டிரைவர்கள் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள் என்பதை இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரே திரண்டு வடம் பிடிக்கும். கண்ணுச்சாமி பிறந்த ஊர் அதுதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதாகியும் ஒரு தடவைகூட வடத்தைத் தொட்டதில்லை. "ஆசை இல்லாம இருக்குமா? ஆனா நான் வடத்தப் பிடிச்சுட்டா பொறவு தேர யாரு பாத்துக்கிடுவா?" என்று உண்மையான கவலையோடு கேட்பார். சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்க்கும்போது, இவர் ரத வீதி மூலையில் யாரோ ஒருவர் வீட்டுப் படியில் ஏறி நின்று கர்ச்சீப்பை ஆட்டுவார். தேர் திரும்பிவிடும். திரும்பாமல் வேறு எங்கே போகும்?

இப்படி இருந்தவருடைய வாழ்க்கையில் ரெனிட்டா நுழைந்தாள். கம்பெனியின் புது எச்.ஆர். அதிகாரி. கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், தறிக்காரர்களும் பேக்கிங்காரர்களும் டெஸ்பாட்ச்காரர்களும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதைக் கண்டுபிடித்து, அதற்கு மருந்து வி.ஆர். விளையாட்டுதான் என்றாள். கண்ணை மூடும் ஒரு ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் உலகம் தெரியும்; அதில் எல்லோரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடித்தால் ஒற்றுமை வளரும். முதலாளி உடனே சம்மதித்தார். போன வருஷம் ஒற்றுமைக்காக எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். ஜன்னலோர சீட் தகராறில் ஒரே பஸ்ஸில் இரண்டு கட்சியாகத் திரும்பி வந்தார்கள்.

அதோடு முதலாளி இன்னொன்றும் சொன்னார். வத்திராயிருப்பில் திறக்கப்போகும் புது யூனிட்டுக்கு யார் பொறுப்பு என்பதை அன்றைக்கே, அந்த விளையாட்டைப் பார்த்தே முடிவு செய்வாராம். போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் கண்ணுச்சாமி. மற்றவர் பேக்கிங் ஆவுடையம்மாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற அம்மாள்.

கண்ணுச்சாமி பதினோரு வருஷமாகக் காத்திருந்த பதவி அது. கிடைத்துவிட்டதாகவே வீட்டில் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி வெள்ளத்தாய் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கிடைக்காமல் போனால் அந்தத் தெருவில் எப்படித் தலை காட்டுவது?

சனிக்கிழமை மத்தியானம் கோடவுனை ஒழித்து இடம் பண்ணினார்கள். துணி மூட்டைகளை, அதாவது பேல்களை, எங்கே அடுக்குவது என்று கண்ணுச்சாமி கையை நீட்டிய இடம் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவின் முன்னால்.

"அண்ணாச்சி, வெளிய போக அது ஒண்ணுதான் இன்னொரு வழி" என்றாள் ஆவுடையம்மாள்.

"பெரிய ஷட்டரு இம்புட்டு அகலத்துக்குத் தெறந்து கெடக்கு. ஒனக்கு இன்னொரு வழி எதுக்கு? ஏலே, நீங்க அடுக்குங்கலே!"

அடுக்கினார்கள், கூரை வரைக்கும்.

விளையாட்டு இதுதான். ஒரு மலைப்பள்ளத்தாக்கு. அதன்மேல் ஒரு பாலம். பெரிய மரவண்டி ஒன்றை நாலு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாலத்தைக் கடத்த வேண்டும். அக்கரை சேர்ந்ததும் நாலு பேரும் ஒரே சமயத்தில் கயிற்றை விட்டால் மார்க். வெறுங்கையை நீட்டினால் போதும், கையின் அசைவை ஹெட்செட்டே கண்டுகொள்ளும். உள்ளே தெரிவதெல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்கு டிவியில் தெரியும்.

தறி பாண்டிதுரையும் இன்னும் மூன்று பேரும் முதலில் மாட்டினார்கள். கயிற்றைக் கண்ணால் கண்டதுமே நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் செருப்பைக் கழற்றினார்கள். "கோவிந்தா!" என்றார் ஒருவர். "கோபாலா!" என்றார்கள் மற்றவர்கள். காற்று இழுபட்டது. கண்ணுச்சாமி டிவிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பாண்டிதுரை, லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி..." என்று கர்ச்சீப்பை ஆட்டினார். வழி சொல்வதற்கு எதையும் பார்க்க வேண்டும் என்று அவசியமில்லை. பாண்டிதுரை ஒடித்து ஒடித்துத் தண்ணீர்க் கேனில் போய் முட்டினான். ஆனாலும் வண்டி அக்கரை சேர்ந்துவிட்டது.

"இப்ப கயித்த விடுங்க!" என்று ரெனிட்டா கத்தினாள். ஒருவரும் விடவில்லை.

"விட்டாத்தான் அண்ணா மார்க்கு!"

"அதெப்படிம்மா? தேரு நெலைக்கு வந்து கட்டை போடாம வடத்த விடக் கூடாதுல்லா" என்றான் பாண்டிதுரை. மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையை அந்தக் கம்பெனி அதுவரை கண்டதில்லை. நேரம் முடிந்து டிவியில் பெரிதாக ஒரு பூஜ்யம் வந்தது.

முதலாளி திரும்பிப் பார்த்தார். "கண்ணுச்சாமி, எல்லாருக்கும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப நீங்க மாட்டுங்க, பாப்போம்."

கண்ணுச்சாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். "நான் மாட்டிட்டா பொறவு இவனுகள யாரு மொதலாளி பாத்துக்கிடுவா?"

"நாங்க பாத்துக்கிடுதோம்."

பாண்டிதுரை தன் ஹெட்செட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டான். மற்ற மூவரும் காற்றில் வடம் பிடித்தபடி தயாராக நின்றார்கள். கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே ஒரு மலை ஆழம். ஏறி நிற்க ஒரு வீட்டுப் படிகூட அங்கே இல்லை. பயந்துபோனார். "வடம் எங்க இருக்கு?" என்ற குரலைக் கேட்டு, இவரா பேசுகிறார் என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக இவர் வாய்ச்சொல்லைக் கேட்டு வளர்ந்த நாற்பது பேர் சுற்றி நின்றார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"லெஃப்ட்ல அண்ணாச்சி!" "ரைட்ல, ரைட்ல!" "அப்படியே பின்னால வாங்க!" "கையத் தூக்குங்க, இன்னும் தூக்குங்க!" "ஒடிச்சு வாங்க, ஒடிச்சு!"

அவர் ஒடித்தார். பின்னால் போனார். கையைத் தூக்கினார். நாற்பது பேர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கேட்டதில் கோடவுனின் மறுகோடிக்கே போய்விட்டார். அங்கே அவர் கையில் ஒன்று தட்டுப்பட்டது. கனமாக, சில்லென்று, நிஜமாக.

"பிடிச்சிட்டேன்! வடத்தப் பிடிச்சிட்டேன்!"

அவர் பிடித்தது பெரிய ஷட்டரை ஏற்றி இறக்கும் சங்கிலி.

இழுத்தார். கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். அவர் கையின் அசைவைக் கண்டு உள்ளே மரவண்டி பாலத்தின்மேல் ஓடியது. வெளியே ஷட்டர் கடகடவென்று இறங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவருக்கு. 'வடம் இம்புட்டுக் கனமா இருக்கும்னு ஒருத்தனும் சொல்லலியே' என்று நினைத்தார். ஹெட்செட்டுக்குள் கண் கலங்கியது. "கோவிந்தா! கோபாலா!"

"அண்ணாச்சி, ஷட்டரு!" என்றது ஒரு குரல். "விட்றாதீங்க, ஜெயிக்கப் போறிய!" என்றது இன்னொன்று. "சங்கிலிய எதிர்ப்பக்கமா இழுக்கச் சொல்லுங்கப்பா!" என்றார் முதலாளி. நாற்பது பேரும் கையை நீட்டிக் காட்டினார்கள். ஒரு கையாவது போய் அவரைத் தொட வேண்டுமே! அதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது போதாதா?

"சார், விடுங்க சார்!" என்று ரெனிட்டா அழாத குறையாகக் கத்தினாள்.

"தேரு நெலைக்கு வராம விடமாட்டேன்!"

உள்ளே வண்டி அக்கரை சேர, வெளியே ஷட்டர் தரையில் மோதியது. சங்கிலி மேலே பல்சக்கரத்தை விட்டுக் கழன்று அவர் தோளில் மாலையாக விழுந்தது. அவர் கை தானாக விரிந்தது. அதே நொடியில் பயந்துபோய் மற்ற மூவரும் கையை விட்டார்கள். டிவியில் வாணவேடிக்கை. நூற்றுக்கு நூறு.

நாற்பத்தாறு பேர் உள்ளே. ஷட்டர் மூடிக் கிடக்கிறது. சின்னக் கதவை மறைத்துக் கூரை வரைக்கும் பேல். மத்தியான வெயிலில் தகரக் கூரை. உடனே எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அதாவது சொன்னார்கள். "செயின மேல மாட்டணும்." "கடப்பாரை வச்சு நெம்பணும்." "யாராச்சும் பேல எறக்குங்கப்பா" என்று முதலாளி யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

ஆவுடையம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியை இழுத்து வந்து சாத்தினாள். ஒரு முழம் பேண்டேஜ் துணியைக் கையில் சுற்றிக்கொண்டாள். சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஏணி ஆடியது. அப்போது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அதைப் போய்ப் பிடித்தவர் கண்ணுச்சாமி. "ஆவுடை, கொஞ்சம் லெ..." என்று வாய் திறந்தது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அவள் சங்கிலியைப் பல்சக்கரத்தில் மாட்டி, இறங்கி வந்து இழுத்தாள். ஷட்டர் ஏறியது. வெளிச்சமும் காற்றும் உள்ளே வந்தன. வெளியே முதலில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டவர் முதலாளி. துடைத்து முடித்ததும், "வத்திராயிருப்ப ஆவுடையம்மா பாத்துக்கிடட்டும்" என்றார்.

கண்ணுச்சாமி கர்ச்சீப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை யாரிடமும் பேசவில்லை. பஸ் ரிவர்ஸ் எடுத்தபோதுகூட.

வாசலில் வெள்ளத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பாதித் தெரு.

"கெடச்சுதா?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். சங்கிலி தோலை உரித்திருந்தது. "வடம் பிடிச்சேன், வெள்ளத்தாயி."

அவள் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, அதற்குமேல் பதவியைப் பற்றிக் கேட்கவில்லை. "உள்ள வந்து தேங்காண்ணெ தடவுங்க. அந்தக் கையில இல்ல, இந்தக் கையில மொதல்ல. அப்படி இல்ல, அமுக்காம..." என்றபடி நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஷட்டர் இறங்கியபோது, 'ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் போதுமே' என்று நீங்கள் மனசுக்குள் சொன்னீர்களா, இல்லையா? பேலை அந்தக் கதவில் அடுக்கும்போதே, 'அங்கே வேண்டாமே' என்றீர்களா, இல்லையா? சொன்னபோது உங்கள் கையில் என்ன இருந்தது?

அதனாலென்ன, பரவாயில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நானும் இந்த ஓரத்தில்தான் நிற்கிறேன்.