அழகாக மூடிய சீப்புக் கம்பெனி

தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு திரிவதே நாகரிகம் என்று உலகம் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்ட பிறகு, பிளாஸ்டிக் சீப்பு தயாரிப்பவர் என்ன செய்வார்? கம்பெனியை மூடுவார். நம் முதலாளியும் அந்த முடிவுக்குத்தான் வந்தார். ஆனால் இத்தனை வருஷமாகச் சீப்புக்குப் பல் வரைந்த கை சும்மா இருக்குமா? இனி வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து பிழைப்பது என்று கிளம்பிவிட்டார். ஒரு பிஸ்கட் கம்பெனி, டப்பாவுக்குப் படம் போடும் வேலையை அவருக்கென்று ஒதுக்கியும் வைத்திருந்தது. டிசைனராகப் பதிவு செய்துகொண்டு வந்தால் வேலை அவருக்கு. மாசக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு.

"பதிஞ்சுட்டு வாங்க. இதுக்கு ஏன் இவ்வளவு குஷி?" என்றாள் மனைவி.

"இனிமே எனக்கு நானே முதலாளி!"

"இப்ப மட்டும் யாரு?"

பதிவு அலுவலகத்து அதிகாரி பொறுமையாக விளக்கினார். ஒரே ஆள் முதலாளியாகவும் டிசைனராகவும் இருந்தால் அரசாங்கத்துக்குத் தலை சுற்றும். ஆகவே முதலில் கம்பெனியை மூட வேண்டும். மூடியதைப் 'பொதுமக்கள் பார்வைக்கு நன்கு புலப்படும் வண்ணம்' பலகையில் அறிவிக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து திருப்தி அடைய வேண்டும்.

"நான் திருப்தி அடைஞ்சா மூடின உத்தரவு கிடைக்கும். அதைக் கொண்டுவந்தா டிசைனரா பதியலாம்."

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பலகைதானே வீட்டிலிருந்து அவர் போடும் முதல் டிசைன்! எலுமிச்சை மஞ்சள் பின்னணி. நடுவில் சின்னதாக 'மூடியாச்சு'. சுற்றிலும் வெறும் இடம். கேட்டில் மாட்டியபோது அவருக்கே கண் கலங்கியது.

மறுநாள் இரண்டு பெண்கள் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் வாசலில் வரிசை.

"உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டான், சீப்பையே காணாத தலையோடு ஓர் இளைஞன்.

"ஒண்ணுமில்ல தம்பி, மூடிட்டோம்."

"எல்லாருக்குமா, இல்ல எங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்."

"பிரமாதம்! இந்த ஊருக்கு இப்படி ஒரு இடம் இல்லாமத்தான் இருந்துச்சு."

பக்கத்துத் தையல்காரர் ஓடிவந்தார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. நானும் மூடிடறேன். திறந்து வச்சு என்னத்தைக் கண்டேன்?"

அதிகாரி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மூடின கம்பெனிக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

"மூடியிருக்கறதப் பாக்க வந்திருக்காங்க சார்."

"அப்போ மூடியிருக்கறதுதான் இப்ப இங்க நடக்கிற தொழில். தொழில் நடக்கிற இடத்தை மூடினதா நான் எப்படி எழுதுவேன்?"

"திறந்துவிட்டா கலைஞ்சு போயிடுவாங்க சார். உள்ளே சீப்புதானே இருக்கு."

"அப்போ மூடணும்னா உடனே திறங்க!"

திறந்தார். கூட்டம் சீப்புகளைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டு கலைந்தது. ஆளில்லாத வாசலைப் பார்த்து அதிகாரி திருப்தி அடைந்தார். பிறகு, திறந்திருந்த கேட்டைப் பார்த்து அதிருப்தி அடைந்தார்.

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட் வேலை கைநழுவிப் போகிறதே! அப்போதுதான் அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"பலகை நல்லாத்தான் இருக்கு. எங்க மேலதிகாரி போட்டோவுல பாத்திருக்கார். ஆபீசுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணுங்கிறார்."

"தாராளமா போட்டுத் தர்றேன் சார். ஆனா உத்தரவு?"

"உத்தரவு என்ன பெரிய உத்தரவு!" கேட்டின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாசக் கடைசி நாள். உத்தரவும் கையுமாக நம் முதலாளி, மன்னிக்கவும், நம் டிசைனர் பதிவு அலுவலகத்துக்குப் பறந்தார். கதவில் அவர் போட்டுக் கொடுத்த 'மூடியாச்சு' பலகை பளபளத்தது. எதிரே நீண்ட வரிசை. வேலை முடியாத அத்தனை பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் யாரும் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. பெருமையில் நெஞ்சு விம்ம, கதவைத் தட்டினார்.

சன்னலை ஒருக்களித்துத் திறந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். "பலகையைப் பாக்கலையா?"

"அதைப் போட்டதே நான்தான் சார்!"

"அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே."

சன்னல் சாத்திக்கொண்டது.

"சார், பலகையை மறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளுங்க!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

டிசைனர் தள்ளி நின்றார். அங்கிருந்து பார்க்கும்போது பலகை இன்னும் அழகாக இருந்தது.