கோழி பிரசிடெண்ட் போட்ட ஒரே சட்டம்

இந்தியாவில் உள்ள கோழிகளெல்லாம் தன்னை நம்பித்தான் முட்டையிடுகின்றன என்று நினைத்த மனிதர் ஒருவர் ஆம்பூரில் இருந்தார். ஊருக்கு அவர் கோழி பிரசிடெண்ட். 'அகில இந்தியக் கோழி வளர்ப்போர் சங்கம்' அவர் தொடங்கியதுதான். தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு நாலு வரி இங்கிலீஷ் எழுத வரும். அந்தக் குற்றத்துக்காக என்னைச் செக்ரட்டரியாக்கினார்.

அகில இந்தியாவை அவர் பிடித்த விதமே தனி. பெங்களூர் ரயில் நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடிச் சங்க நோட்டீஸை நீட்டுவார். ஒரு பெரிய மனிதர் அதை வாங்கி, ஸீட்டைத் துடைத்துக் கீழே போட்டார்.

"இன்னாண்ணா, தொடச்சிப் போட்டுட்டாரே?" என்றேன்.

"போடட்டும். கை நீட்டி வாங்கிக்கினாரா இல்லியா? பெங்களூர் கிளைன்னு எழுதிக்கோ."

உள்ளூரில் பதினோரு பேர் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் மிச்சத்தை அடுத்த சந்தையிலேயே தள்ளிவிடுவார்கள். வாங்கியவன் வீட்டுக் கோழிகளுக்கும் சீக்கு வரும். அவனும் சந்தைக்கு ஓடுவான். இதை நிறுத்தத்தான் சங்கத்துக்கு ஒரே சட்டம்: சீக்கு வந்தால் சொல்ல வேண்டும், விற்கக்கூடாது. எல்லோரும் கையடித்துச் சத்தியம் செய்தோம்.

அந்தக் கோடையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் சீக்கு வந்தது. பிரசிடெண்டுக்குப் பிள்ளைகள் இல்லை. அறுபது கோழிகள், அறுபதுக்கும் பெயர். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சோறு போட்டதே அவைதான். மூன்று கோழி சாய்ந்ததும் அவர் மனைவி மிச்சத்தைக் கூடையில் அடைத்துச் சந்தைக்குக் கிளம்பினார். பிரசிடெண்ட் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டி. வாங்கறவளும் உன்னாட்டம் ஒருத்திதானே?"

வெறுங்கையோடு அவர் மட்டும் சந்தைக்குப் போய், நடுவில் நின்று கத்தினார். "எங்க வூட்டுக் கோழிக்குச் சீக்கு! எல்லாரும் உஷாரா இருங்க!"

சந்தையே சிரித்தது. நானும் கூட்டத்தோடு நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது நாளில் அறுபதும் செத்தன. குழியில் தூவ, தோலுக்குப் போடுகிற சுண்ணாம்பை ஷாப்பில் கேட்டு வாங்கி நான்தான் சுமந்துபோனேன். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குழியில் வைத்தார். கடைசிக் குழியை மூடிவிட்டு என் தோளைப் பிடித்தார். மனிதர் அழுதுகொண்டே சிரித்தார்.

"நம்ம மெம்பருங்க ஒருத்தர்கூட விக்கல பாத்தியா? எழுதி வெய்யி, செக்ரட்டரி. சட்டம் நின்னுடுச்சி."

எழுதினேன். அவர் கோழிகள் சாய்வதற்கு ஒரு வாரம் முன்பே என் வீட்டு நாலு கோழிகளில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது. மற்ற மூன்றையும் யாருக்கும் தெரியாமல் சந்தையில் விற்றுவிட்டேன். வாங்கிப் போனவள் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி.

அதற்குப் பிறகு அவர் கோழி வளர்க்கவில்லை. சாகும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "சொன்ன சொல்லு தவறாதவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். என்னை அவ்வளவு நல்லவனாக நினைத்த மனிதர் அவர் ஒருவர்தான். அவரை இழக்க எனக்கு மனசு வரவில்லை.